ஓதற்பிரிவும் பழவேற்காட்டுப் பாடும்

படிப்பதற்காக ஊரைப் பிரிந்து போவதைத் தமிழ் இலக்கணம் ஒரு தனிப் பிரிவாகவே வகுத்து வைத்திருக்கிறது. தொல்காப்பியர் அகத்திணையியலில் தலைவன் பிரிந்து செல்லும் காரணங்களை எண்ணத் தொடங்கும்போது முதலில் வைப்பது ஓதலை. பகையும் தூதும் அதற்குப் பிறகு வருகின்றன. பொருளுக்காகப் பிரிவது அதற்கும் பிறகு. கல்விக்கு நம் முன்னோர் தந்த முதன்மை என்று இதை மேடைகளில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அடுத்தடுத்து வரும் நூற்பாக்களையும் சேர்த்து வாசித்தால் அந்தப் பெருமை கொஞ்சம் சுருங்கும். ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியவை என்று உடனடியாக ஒரு வேலி போடப்படுகிறது. கடல்வழிச் செலவு பெண்ணோடு கூடியதாக இல்லை என்று அதே இயலில் இன்னொரு வேலி. கற்பியலுக்கு வந்தால் காலவரையறையும் இருக்கிறது: வேண்டிய கல்வி மூன்று ஆண்டுகளைக் கடப்பதில்லை. போனவன் திரும்பியாக வேண்டும்.

யார் போகலாம், யார் கடலைத் தாண்டலாம், எத்தனை காலம் தங்கலாம் என்ற இந்த மூன்று கேள்விகளையும் இன்றைக்கு வெளிநாட்டுத் தூதரகங்கள் படிவமாக அச்சிட்டு வைத்திருக்கின்றன. நம்முடைய பொது விவாதத்திலோ மூன்றாவது கேள்வி மட்டுமே உயிரோடு இருக்கிறது. அயல்நாடு சென்று படித்தவர் அங்கேயே தங்கிவிடலாமா? இந்த ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு நாம் ஐம்பது அறுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறோம். ஒரு தரப்பு, ஏழை நாட்டின் வரிப்பணத்தில் படித்துவிட்டுப் பணக்கார நாட்டுக்கு உழைக்கும் நன்றிகெட்டவர்கள் என்கிறது. இன்னொரு தரப்பு, அறிவுக்கு எல்லை ஏது, அவர்கள் அனுப்பும் பணமும் புகழும் நமக்குத்தானே என்கிறது. இருவரும் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. போகும் வாய்ப்பு யாருக்கு இருந்தது? 'உயர்ந்தோர் மேன' என்ற அந்தப் பழைய வேலி இன்று எங்கே, என்ன வடிவத்தில் நிற்கிறது? இந்தக் கேள்வியை அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ நின்று கேட்பதைவிட, சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று கேட்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணங்களைச் சொல்கிறேன்.

*

ஏரி என்று அழைக்கிறோமே தவிர அது கடலோடு சேர்ந்து மூச்சுவிடும் உவர்நீர்க் கழி. இந்தியாவில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்துப் பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்குமுனை தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று கரையோரம் வரிசையாகக் குப்பங்கள்.

கோட்டைக்குப்பத்தின் பெயரில் இருக்கும் கோட்டை, 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைநகரம் இந்த ஊர்தான். இன்றைக்குக் கோட்டை புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்க, நிலைத்திருக்கிறது.

அயல்நாட்டு மாணவர் என்ற சொல்லைப் பழவேற்காட்டோடு சேர்த்தால் வரலாற்றில் முதலில் அகப்படுகிறவர் இங்கிருந்து போனவரல்லர், இங்கே வந்தவர். ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1632 முதல் 1642 வரை பத்தாண்டுகள் பழவேற்காட்டில் இருந்தார். போர்த்துகீசியர் வசமிருந்த பகுதியிலிருந்து வந்து இங்கே அடைக்கலம் புகுந்திருந்த பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்து சமயச் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் கேட்டுக் கற்றார். இருவருக்கும் பாலமாக இருந்தது போர்த்துகீசிய மொழி. ரோஜேரியஸ் ஊர் திரும்பி 1649-இல் இறந்தார். அவர் எழுதியது 1651-இல் லெய்டன் நகரில் நூலாக வந்தது. மறைந்து கிடந்த சமயத்துக்குத் திறந்த கதவு என்ற பொருள் தரும் தலைப்பு. பர்த்ருஹரியின் சதகங்களில் இரண்டு அதில் டச்சில் இடம்பெற்றிருந்தன. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியதில் இதுவே முதல் என்கிறார்கள். 1663-இல் ஜெர்மனிலும் 1670-இல் பிரெஞ்சிலும் அந்நூல் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பா நம்மைப் படிக்கத் தொடங்கிய பள்ளிக்கூடங்களில் ஒன்று பழவேற்காடு.

பத்மநாபனின் பெயர் அந்த நூலில் இருக்கிறது. அந்த அளவுக்கு ரோஜேரியஸ் நாணயமானவர். ஆனால் பத்மநாபன் லெய்டனுக்குப் போகவில்லை. கதவு ஒரு பக்கமாக மட்டுமே திறந்தது.

அதே காலத்தில் இந்தக் கரையிலிருந்து கடல் தாண்டிப் போய் அங்கேயே நிலைத்துவிட்ட தமிழர்கள் இருக்கவே செய்தார்கள். பஞ்சத்திலும் போரிலும் விலைக்கு வாங்கப்பட்டு, அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். பல ஆயிரம் பேர். 'அங்கேயே தங்கிவிட்டார்கள்' என்று அவர்களைப் பற்றியும் சொல்லலாம். சொன்னால் அந்த வாக்கியம் எவ்வளவு பொய்யானது என்று உடனே விளங்கும். தங்குவதும் திரும்புவதும் அறப் பிரச்சினையாவது, போனவருக்குத் தெரிவு இருந்தபோது மட்டுமே. தெரிவு என்பதும் வானத்திலிருந்து விழுவதல்ல. அதற்கு வீடு வேண்டும், பள்ளி வேண்டும், பட்டா வேண்டும்.

*

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் திட்டு ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அந்த ஏவுதளத்துக்கு இன்றிருக்கும் பெயர் சதீஷ் தவன். மின்னசோட்டாவிலும் கால்டெக்கிலும் படித்து, 1951-இல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு பெங்களூருக்கு, இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பியவர். 1972 முதல் 1984 வரை விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர். பறவைகள் பறக்கும் விதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். பூநாரைகள் வந்திறங்கும் ஏரியின் கரையில் அவர் பெயர் இருப்பது பொருத்தம்தான். 'திரும்பி வந்தவர்' பட்டியலில் அவருக்கு மேலே வைக்க அதிகம் பேர் இல்லை.

எதிர்ப்பட்டியலின் தலைமகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இந்திய அரசின் உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் சென்றார், 1937-இல் சிகாகோ, 1953-இல் அமெரிக்கக் குடியுரிமை, 1983-இல் நோபல் பரிசு. திரும்பவில்லை.

தவனைப் புகழ்ந்து சந்திரசேகரைப் பழிப்பதும், சந்திரசேகரைக் காட்டித் தவனின் முடிவு வீண் என்பதும் நமக்குப் பழகிய பேச்சு. இரண்டுமே சிறுபிள்ளைத்தனம். தவன் திரும்பியதற்கு அவருடைய மனம் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து நுழைவதற்கு அவருக்கு ஒரு கட்டடம் இருந்தது. டாட்டா குடும்பத்தின் கொடையால் 1909-இலேயே நிறுவப்பட்ட ஒரு கழகம் இருந்தது. சந்திரசேகரின் தந்தை அரசுக் கணக்குத் துறையில் உயர் அதிகாரி. நாம் எடுத்துக்காட்டும் இந்த இரண்டு பேருக்கும் வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. அப்துல் கலாமையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன். 1963-இல் அவரை அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது ஒரு நிறுவனம்; குடும்பம் நிலத்தை அடகு வைத்து அனுப்பவில்லை. அவர் தலைமையேற்ற எஸ்.எல்.வி-3 ஏவுகலம் 1980 ஜூலை 18 அன்று வெற்றிகண்டதும் இதே ஸ்ரீஹரிகோட்டாவில்தான்.

ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களுக்கு என்ன நடக்கிறது? கடலுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை வருகிறது. அன்றைக்குப் படகு கரையில் கிடக்கும். விண்வெளி ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. படித்துத் திரும்பிய மேதைகளின் உழைப்பால் நாடு நிலவுக்குப் போகிறது. அந்தப் பயணத்தை மிக அருகிலிருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் வருமான இழப்பாகவும் வானவேடிக்கையாகவும் மட்டும் இருந்தால், அறிவு திரும்பி வந்தது என்று நாம் சொல்வதன் பொருள் என்ன? அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கு வந்த அறிவு, ஏரியின் இந்தக் கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

*

கோட்டைக்குப்பத்தில் ஒரு பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நற்றிணையில் ஒரு தோழி, தேரில் வந்து நிற்கும் செல்வந்தர் வீட்டு இளைஞனிடம், இவள் மீன்பிடிப்பவர் மகள், எங்கள் மேல் புலால் நாறும், எட்ட நில், உன் வளம் எங்களுக்கு ஒத்துவராது, எங்களிலும் சிறந்தவர்கள் உண்டு என்று சொல்லி அனுப்புகிறாள் அல்லவா, அந்தச் சிறுகுடியின் வழிவந்தவள் என்று கொள்ளுங்கள். பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அதே பொன்னேரியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி ஒன்றும் இருக்கிறது. அவள் பட்டம் வாங்கிவிட்டாள். நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் முதுகலைக்கு இடம் தருகிறது என்று கடிதம் வந்துவிட்டது. இனி என்ன?

முதலில் வங்கி. ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக்கடனுக்கு ஈடு காட்ட வேண்டும் என்பது வங்கிகளின் பொதுவிதி. ஐரோப்பாவில் இரண்டாண்டு படிக்கவும் உண்ணவும் ஏழரை லட்சம் போதாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஈட்டுக்கு என்ன இருக்கிறது? நாட்டின் நடுத்தர வர்க்கம் வீட்டுப் பத்திரத்தையோ நிலத்தையோ எடுத்து நீட்டுகிறது. கடற்கரைக் குப்பங்களில் பல வீடுகள் பட்டா இல்லாத புறம்போக்கில் நிற்பவை. மீனவரின் உண்மையான சொத்து ஏரி. அது அவருடையது, ஆனால் அவர் பெயரில் இல்லை. தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் உரிமையை எந்த வங்கி மேலாளரும் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது.

அடுத்து உதவித்தொகை. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. பழங்குடியினருக்கும் தனியே ஒரு திட்டம் உண்டு. தமிழக அரசும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு அயலக உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. தேவையான, நியாயமான திட்டங்கள். ஆனால் தமிழகத்தில் பட்டினவர் உள்ளிட்ட மீனவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மீனவர் என்ற தலைப்பில் அந்தத் திட்டங்களில் கதவு இல்லை. தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

இன்னொரு தடையும் இருக்கிறது. இலக்கிய வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே ஏரிக்கரையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவி, தன் ஊரின் வரலாற்றைப் படிக்க விரும்பி லெய்டனுக்குப் போக நினைத்தால்? டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் நெதர்லாந்தில் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் குவிந்து கிடக்கின்றன. 2000-களில் லெய்டன் பல்கலைக்கழகம் ஆசிய நாடுகளின் இளம் வரலாற்று ஆய்வாளர்களை வரவழைத்துப் பழைய டச்சு மொழி கற்றுக்கொடுத்து அந்தக் காகிதங்களை வாசிக்க வைத்தது. ஆனால் 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறை, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு அந்த உதவித்தொகை கிடையாது என்றது. இந்தியாவைப் படிக்க வெளிநாடு எதற்கு என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். பழவேற்காட்டில் யார் யாரைப் பிடித்து எந்தக் கப்பலில் ஏற்றினார்கள் என்பதற்கான காகிதம் ஹேக்கில் இருக்கும்போது, அதைப் படிக்க வேறெங்கே போவது?

*

இப்போது பாடு. பழவேற்காட்டில் இந்தச் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. கழியில் நீரோட்டம் உள்ள இடங்களில் கழி நட்டு வலை கட்டி இறால் பிடிக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் படாது. ஆகவே மரபாக உரிமையுள்ள குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. குப்பத்துக்குள்ளே தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி எந்த இடம் யாருக்கு என்று பிரிக்கிறார்கள். இன்று மோசமான இடம் விழுந்தவருக்கு நாளை நல்ல இடம் விழலாம். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதைப்போன்ற சீட்டுமுறை இருக்கிறது. பொதுச்சொத்தை மனிதர்கள் அடித்துப் பிடித்து அழித்தே தீருவார்கள் என்று நம்பிய பொருளாதார அறிஞர்களுக்கு இம்மாதிரி ஏற்பாடுகள் நல்ல பாடம். ஆய்வாளர்கள் இதைப் படிக்க வந்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இதைப் பொற்காலமாகக் காட்டவும் நான் தயாரில்லை. பாட்டில் பெண்ணுக்குச் சீட்டில்லை. ஏரியை நம்பி வாழும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் மரபுப்படி சீட்டில்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைக்கத் தொடங்கிய பிறகு இதை வைத்துக் கசப்பான மோதல்கள் நடந்திருக்கின்றன. கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். பாட்டில் இடமுள்ளவருக்கு அயல்நாட்டு உதவித்தொகையில் இடமில்லை. உதவித்தொகையில் இடமுள்ளவருக்குப் பாட்டில் இடமில்லை. ஒரே தண்ணீரில் நிற்கும் ஏழைகளை இரண்டு பட்டியல்கள் இரண்டு விதமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒருவருடையதைப் பிடுங்கி மற்றவருக்குக் கொடுப்பது தீர்வல்ல. இரண்டு பட்டியல்களும் நீள வேண்டும்.

பாட்டின் அடிப்படை அறம் என்னவோ உயர்ந்தது: உள்ளே இருப்பவர் எவருக்கும் முறை வராமல் போகாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, படித்து முடித்த மாணவர் அங்கேயே தங்குவதற்கு உலகம் வைத்திருக்கும் சீட்டுமுறையைப் பாருங்கள். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். சீனர்களையும் தாண்டிய எண்ணிக்கை. எச்-1பி வேலை விசாவுக்கு ஆண்டு வரம்பு 85,000. அதுவும் எல்லா நாட்டவருக்கும் சேர்த்து. பல ஆண்டுகள் அதைக் கணினிக் குலுக்கலில் பிரித்தார்கள். சீட்டு விழாதவர் அடுத்த ஆண்டு முயலலாம், அதற்குள் விசா முடியாமல் இருந்தால். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், அதிகச் சம்பளக்காரருக்கு அதிக வாய்ப்பு விழும்படி குலுக்கலையே எடைபோட்டு மாற்ற முடிவுசெய்தார்கள். சீட்டு விழுந்து வேலையில் அமர்ந்தாலும், நிரந்தர வசிப்புரிமை எந்த ஒரு நாட்டவருக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக் கணக்கில் நீள்கிறது. பிரிட்டன் 2012-இல் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை நிறுத்தியது. 2021-இல் வேறு பெயரில் திறந்தது. பிறகு அதையும் குறைக்க முடிவெடுத்தது. கனடா 2024-இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. முகத்துவாரம் எப்போது திறக்கும், எப்போது மணல்மூடும் என்று அலைக்கும் தெரியாது.

இந்த நிலையில், 'போனவர்கள் அங்கேயே சொகுசாகத் தங்கிவிடுகிறார்கள்' என்று குற்றம் சாட்டுகிறவர் எந்த உலகத்தில் இருக்கிறார் என்று தெரியவில்லை. தமிழில் பாடு என்றால் துன்பம் என்றும் பொருள். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சீட்டு விழாவிட்டால் ஊர் திரும்பி வேறு வேலை தேடிக்கொள்ளும். கடனை மட்டும் நம்பிப் போன பிள்ளைக்குத் திரும்புவதும் தங்குவதும் இரண்டுமே பாடுதான்.

*

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும்.

முதலாவது, மீனவப் பிள்ளைகள் ஏன் போக வேண்டும், அவர்களுடைய மரபறிவு அழிந்துபோகாதா என்பது. இதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பாதவர்கள். பாட்டன் படகை ஓட்டியதால் பேரனும் ஓட்ட வேண்டும் என்பது மரபைக் காக்கும் வாதமாகத் தோன்றலாம். அதன் உள்ளே இருப்பது சாதி. எண்ணூரில் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகமும் வந்தபோது குப்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அப்போது மரபறிவைப் பற்றி யாரும் பேசவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை மேலும் பெரிதாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை ஆயிரக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். அதைப் படித்து, எந்த அலையோட்டக் கணக்கு தப்பு என்று சொல்லக்கூடிய கடலோரப் பொறியாளர் ஒருவர் அந்தக் குப்பத்திலேயே பிறந்தவராக இருந்தால் மரபறிவு அழியுமா, இல்லை அதற்கு ஒரு வக்கீல் கிடைப்பாரா? அவர் டெல்ஃப்டில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. மின்னஞ்சல் எங்கிருந்தும் வந்து சேரும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. பொதுப்பணத்தில் அனுப்பினால் திரும்பி வர வேண்டாமா? குறைந்தபட்சம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. பத்திரம் எழுதி வாங்கித் திருப்பிக் கொண்டுவந்த மனிதரை எங்கே உட்கார வைக்கப் போகிறோம்? மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1987-இல் தொடங்கப்பட்டது; அது சென்னையில் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஏரியின் உப்பு, வண்டல், மீன், பறவை, மனிதர் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டு முழுவதும் அளக்கும் ஆய்வுநிலையம் ஒன்றைப் பழவேற்காட்டுக் கரையில் எழுப்புவது ஒரு ராக்கெட்டின் செலவில் மிகச் சிறிய பங்கு. தவனுக்குப் பெங்களூர் இருந்ததைப்போல் இந்தப் பெண்ணுக்கு ஏரிக்கரையில் ஒரு கட்டடம் இருந்தால் அவள் திரும்புவாளா மாட்டாளா என்பதைப் பிறகு பேசலாம். அது இல்லாமல் திரும்பச் சொல்வது, தொல்காப்பியத்தின் மூன்றாண்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவதாகும்.

நான் கேட்பவை பெரியவையல்ல. அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டங்களில் மீனவர் என்ற தொழிற்பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும்; பெண்களுக்கு அதில் பாதி. பட்டா இல்லாதவரின் கல்விக்கடனுக்கு அரசே முழுப் பிணை நிற்க வேண்டும். இந்தியாவைப் பற்றிய படிப்புக்கு உதவி இல்லை என்ற விதி போக வேண்டும். பழவேற்காட்டைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள் தமிழில் வந்து குப்பத்து நூலகங்களில் கிடைக்க வேண்டும். தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அறியும் உரிமை பத்மநாபன்களுக்கு உண்டு. இந்தக் கடைசி வேலையை அரசுக்காகக் காத்திராமல் நம்மைப் போன்ற வாசகர்களும் சிற்றிதழ்களும்கூடத் தொடங்கலாம்.

ஏரியின் இறாலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் வளர்ந்து, பருவம் வந்ததும் மறுபடி கடலுக்குப் போகின்றன. போவதில் ஒரு பங்கு வலையில் விழுகிறது. மிச்சம் கடலில் கலந்து அடுத்த தலைமுறையை அனுப்புகிறது. கோடையில் மணல்மூடி முகத்துவாரம் அடைபட்டால் கழியின் நீர் வற்றி உப்பேறுகிறது. உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. அப்போது மீனவர்கள் கேட்பதெல்லாம் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லித்தான். அதை நிலையாகத் திறந்து வைக்கக் கற்சுவர்கள் எழுப்பும் வேலையை அரசு எடுத்துக்கொண்டதும் அவர்கள் பல ஆண்டுகள் கேட்டதனால். கடலுக்குப் போகும் இறாலிடம் திரும்பி வருவாயா என்று அவர்களில் யாரும் எழுதி வாங்கியதில்லை.